காற்றுக்கயிறு

மேலப்பாளையம் சந்தை முக்கில்
தையல் மிஷினுக்கும் ஆவி பறக்கும் கெண்டிக்கும் நடுவே
என்னை ஸ்டூலில் உட்காரவைத்து
நெற்றிக்கு மேல் டேப்பை ஓட்டுகிறார் மசூது.
ஐம்பத்தாறரை.
"பின்னலைச் சேத்து அளக்கவா, விட்டுட்டு அளக்கவா?"
என் தலையை யாரும் இவ்வளவு யோசித்ததில்லை.

கம்பெனி ஹெல்மெட்டுக்கு அளவு கிடையாது.
பின்னால் ஒரு திருகு உண்டு,
எனக்கு முன்னால் யார் யாரோ திருகியது.
பணகுடி தாண்டி நாற்பத்திரண்டு காற்றாலை,
ஒவ்வொன்றும் எண்பது மீட்டர் ஏணி.
பல்சக்கரத்துக்கு எண்ணெய் பார்த்து இறங்கி வந்தால்
நெற்றியில் விழுந்த வரியைத் தொட்டு
மகள் கேட்பாள்: இன்னிக்கு எத்தனை ஏறுனே?

மசூது படங்களைப் பரப்புகிறார்.
எண்பது வருஷத்துக்கு முந்திய தலைகள்.
தொப்பியும் தாடையும் மட்டும், உடம்பு இல்லை.
"பழசுல உச்சி ஒசரம். இப்பதான் சப்பையாக்கிட்டானுவ."
சரி, ஐந்தரை அங்குலம்.
நடுப்பள்ளம் கண்ணீர்த்துளி வடிவமா, வைர வடிவமா?
தொப்பியில் போய் எதற்குக் கண்ணீர். வைரம்.
விளிம்பு முன்னால் தாழ்ந்து, பின்னால் நிமிர்ந்து.
அதன் ஓரத்தை நாடாவால் கட்டுவதா
வெட்டியபடியே விடுவதா என்பதில்
ஒரு டீ ஆறிப்போயிற்று.
ஓரம் கட்டியிருந்தால் வில்லன்.
கட்டாதவன் வில்லனிடம் அடிவாங்குகிறவன்.
படங்களை மறுபடி பார்த்துவிட்டு
கட்டச் சொன்னேன்.

நிறத்துக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.
ஐப்பசியில் ஆத்துத் தண்ணி வருமே, அது என்றேன்.
ஏழெட்டுப் பழுப்புகளுக்கு அடியிலிருந்து
ஒன்றை உருவி மடியில் போட்டார்.
அதேதான்.

பட்டியின் முடிச்சு எந்தப் பக்கம்?
"ஆம்பிளைக்கு இடது, பொம்பளைக்கு வலது.
அந்தக் காலத்து வழக்கம்."
ஏனாம்?
"வாள் வீசுத கையில இறகு தட்டக் கூடாதாம்.
அப்படித்தான் சொல்லுதாங்க."
நான் ஸ்பேனர் பிடிப்பது வலக்கை.
இடது வையுங்க.
அவர் சிரிக்கவில்லை.
சீட்டில் 'இ' என்று எழுதினார்.

உள்ளே தோல்பட்டையில் பெயரெழுத்து பொறிக்கணும்,
அதுவும் பழைய வழக்கம்.
பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் மு.
ரேஷன் அட்டையில் செ.
செ. இப்போது திருப்பூரில்
வேறொரு அட்டையில் இருக்கிறது.
பேச்சித்தாய்க்கு வெறும் 'பே' போதும் என்றேன்.
"பேய்னுல்லா படிப்பாங்க, தங்கச்சி."
படிக்கட்டும்.
என் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்க்கத்
துணிந்தவன்தானே படிக்கப்போகிறான்.

கடைசியாக நான் கேட்டது அவரிடம் இல்லை.
படத்தில் பட்டியைச் சுற்றி மெல்லிய கயிறு ஒன்று ஓடும்,
நுனியில் சின்னப் பொத்தான்.
காற்று எழுந்தால் கயிற்றை இழுத்து
கோட்டுத் துளையில் மாட்டிக்கொள்வார்கள்.
தலையை விட்டுப் போனாலும் ஆளை விட்டுப் போகாது.
மசூது கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.
"இத்தன வருஷமா அலங்காரம்னுல்லா நெனச்சேன்."
காற்றைப் பற்றி எனக்குத் தெரியும் என்றேன்.
கொஞ்சம் கர்வமாகத்தான்.

"எங்க போட்டுட்டுப் போகப் போறீங்க? கல்யாண வீடா?"
ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு.
ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ்.
வைகாசிக்குள் தருவதாகப் பேச்சு,
அதற்குமேல் கணவாய்க் காற்று திறந்துவிடும்,
ஆடியில் அம்மியையே கேட்காது.

படி இறங்கும்போதுதான் உறைத்தது,
நான் போடுவது சுடிதார்.
பொத்தான் துளை எங்கே இருக்கிறது மாட்ட?
திரும்பி நின்றேன்.
அவர் அதற்குள் மிஷினில் குனிந்திருந்தார்.
"துணியக் கொண்டாங்க.
ஒரு துளைதானே,
போட்டுத் தாரேன்."